இரண்டாவது வாக்குமூலம்

விசாரிக்க ஆள் வரப்போகிறது என்பது வெள்ளைத்தாய்க்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. அவள் புருஷனின் அண்ணன் குருசாமி, தேவதானத்தில் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தார். காலில் சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது.

“மிலிட்டரியில இருந்து ஒரு சுபேதார் வந்துருக்காரு தாயி. மப்டியில வந்தாரு. தம்பியப் பத்தி வாத்தியார்ட்ட கேட்டாரு, போஸ்ட்மேன்ட்ட கேட்டாரு, டீக்கடையில கூட உக்காந்து கேட்டுட்டாரு. நாளைக்குக் காலையில உன்கிட்ட வாராரு.”

“என்ன கேக்காரு அத்தான்?”

“குடிப்பானா, கோவக்காரனா, ராத்திரி ஒழுங்கா தூங்குதானா, இலங்கைக்காரங்களோட சகவாசம் உண்டா… இப்படி. தங்கமான பையன்னு ஊரே ஒத்த வாயில சொல்லிருக்கு. நானும் அப்படித்தான் சொன்னேன்.”

அவள் புருஷன் ஐயாதுரை ராணுவத்தில் ஹவில்தார். வெடிமருந்துக் கிடங்கில் குண்டுகளைப் பரிசோதித்துத் தரம் பிரிப்பது அவன் வேலை. பதினான்கு வருஷத்து சர்வீஸில் ஒன்றரை வருஷம் இலங்கையில் இருந்துவிட்டு, எண்பத்தொன்பது கடைசியில் திரும்பியிருந்தான். இப்போது வடக்கே எங்கோ ஒரு தனிக் கிடங்குக்கு ஆள் பொறுக்குகிறார்கள். அங்கே இருக்கும் ஆயுதத்துக்கு வெளியில் பெயர் கிடையாது. அதைத் தொடப்போகிறவனின் உடம்பையும் மனசையும் குடும்பத்தையும் தோண்டித் துருவிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஐயாதுரையின் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘புது இடத்துக்கு என் பேரும் போயிருக்கிறது, மற்றதை எழுதக்கூடாது.’

குருசாமி கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். “செண்பகத்தோப்புல நடந்தது உன் வாயில இருந்து வரக்கூடாது. வந்துச்சுன்னு வையி, அவனைப் பைத்தியம்னு முத்திரை குத்தி அனுப்பிருவாங்க. பொறவு ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாது. உன் மகளுக்கும் அதே பேருதான் வரும். வெளங்குதா?”

“வெளங்குது அத்தான்.”

அவர் போன பிறகும் அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

அது மே மாதம் நடந்தது. லீவில் வந்திருந்த ஐயாதுரை, ஒரு சனிக்கிழமை அவளையும் ஐந்து வயது மகள் ஆவுடையையும் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போயிருந்தான். ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பிள்ளை கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. அவன் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தான். மாலை நாலு மணி இருக்கும். பக்கத்து மாந்தோப்பில் காட்டுப்பன்றியை விரட்ட யாரோ வெடி போட்டார்கள். ஒன்று, உடனே இன்னொன்று.

வெள்ளைத்தாய் திரும்பிப் பார்த்தபோது புருஷனையும் காணோம், பிள்ளையையும் காணோம். கரையோரப் பாறைக்கு அடியில் அவன் குப்புறக் கிடந்தான். அவனுக்குக் கீழே ஆவுடை. அவனுடைய உள்ளங்கை பிள்ளையின் வாயையும் மூக்கையும் சேர்த்து அமுக்கியிருந்தது. “சத்தம் காட்டாத, சத்தம் காட்டாத” என்று அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் முதுகில் அடித்தாள், முடியைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. கத்தல் கேட்டு ஓடிவந்த வனக் காவலர் தனுஷ்கோடி, தன் கம்பை அவன் கைக்கு இடையில் கொடுத்து நெம்பித்தான் பிள்ளையை வெளியே எடுத்தார். ஆவுடையின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டியபின் அது இருமிற்று. அப்புறம் அழுதது.

அதன் பிறகு லீவு முடியும்வரை ஐயாதுரை மகளைத் தொடவில்லை. வெள்ளைத்தாயிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது நாள் கழித்து ரயில் ஏறிவிட்டான்.

மறுநாள் பத்து மணிக்கு சுபேதார் வந்தார். பெயர் சௌந்தரபாண்டியன் என்றார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசையை ஒட்டக் கத்தரித்திருந்தார். தோளில் ஒரு ரெக்சின் பை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசல் தெரியும்படி உட்கார்ந்தார். அவள் கொடுத்த காப்பியை வாங்கி ஓரமாக வைத்தார்.

“உங்க வீட்டுக்காரர் தண்ணி அடிப்பாரா?”

“கிடையாதுங்க.”

“கை நீட்டுவாரா?”

“ஒரு நாள் கூட இல்ல.”

“இலங்கையில இருந்து வந்த பிறகு ஆள்ல ஏதும் மாற்றம்?”

“இல்லைங்க. எப்பவும் போலத்தான் இருக்காவிய.”

ஒவ்வொரு பதிலையும் எழுதினார். எழுத்து நிதானமாக, சின்னச் சின்னதாக இருந்தது. அவள் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“கடைசியா லீவுல வந்தாரே. அப்போ குழந்தைக்கு ஏதாவது ஆச்சா?”

இந்த மனுஷனுக்கு யார் சொன்னது? குருசாமி சொல்லியிருக்க மாட்டார். தனுஷ்கோடியா?

“குழந்தைக்கா? ஒண்ணும் ஆகலையே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவசரம் இல்ல.”

“ஒண்ணும் ஆகலைங்க. நல்லாத்தான் இருக்கு. பள்ளிக்கூடம் போயிருக்கு.”

“எங்கயாவது வெளியில போனீங்களா? அங்க ஏதாவது?”

“எங்கயும் போகல.”

சௌந்தரபாண்டியன் பேனாவை மூடாமல் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமான பார்வையில்லை. ஏதோ கிடைக்கும் என்று தேடி வந்து கிடைக்காதவர் போல இருந்தது. பிறகு காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல போலீஸ் ஆபீஸ்ல கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சுட்டு அங்கயே அஞ்சரை ரயிலுக்கு ஏறிடுவேன்” என்றார். இதை ஏன் தன்னிடம் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. காப்பி அப்படியே ஆறிக்கிடந்தது.

அன்றைக்கு அவளுக்கு ரெண்டு மணி ஷிப்ட். மில்லில் கோன் வைண்டிங் பிரிவு. அறுந்த நூலை முடிந்து முடிந்து விடவேண்டும். தூக்கத்தில் கூட அவள் விரல் அந்த வேலையைச் செய்யும். அன்றைக்கு விரல் கேட்கவில்லை. மூன்று கோன் நின்றுபோய் அவள் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்து மெஷின் பரிபூரணம் வந்து தோளைத் தொட்டாள்.

“ஏட்டி, உடம்பு சரியில்லையா? மூஞ்சி என்னமோ மாதிரி இருக்கு.”

“ஒண்ணுமில்லக்கா.”

சொல்லிவிட்டு அதிர்ந்தாள். காலையிலிருந்து இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மெஷின் இரைச்சலுக்குள் அவளுக்கு அந்தக் கிடங்கு தெரிந்தது. அவள் பார்த்திராத இடம். ஐயாதுரை எதையோ கையில் ஏந்தி நிற்கிறான், அவனைச் சுற்றி நாலைந்து பேர். எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது. அப்புறம் அவன் கை என்ன செய்யும்? அவனுக்கே தெரியாதே. அந்த நாலைந்து பேருக்கும் எந்தெந்த ஊரிலோ ஆவுடை மாதிரி ஒன்று இருக்கும். பாறைக்கு அடியில் அன்றைக்குத் தனுஷ்கோடி இருந்தார். அங்கே யார் இருப்பார்கள்? பிள்ளையைப் பிரித்து எடுத்தபிறகு அவன் தன் கையையே விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தானே, அந்த முகம். இன்னொரு தடவை அப்படி ஒன்று நடந்தால் அவன் உயிரோடு இருக்கமாட்டான் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

“அக்கா, எம் மெஷினச் செத்த நேரம் பாத்துக்கோ. நான் வெளிய போகணும்.”

“கேட் பாஸு?”

“கேட்டா தரமாட்டாக.”

“ஏட்டி, சீட்டைக் கிழிச்சிருவாங்கட்டி!”

“கிழிக்கட்டும்.”

சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துச் சின்னக் கதவு வழியாக வெளியே வந்தாள். தலையிலும் ஜாக்கெட்டிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி நின்றது, டிரைவர் இல்லை. அவர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, யாரிடமோ மகன் கல்யாணத்தைப் பற்றிப் பேசி முடித்து ஏறியபோது நாலு நாற்பது. மம்சாபுரம் விலக்கில் வாழைத்தார் ஏற்றுவதற்காக வண்டி நின்றது. தார்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கட்டினார்கள். அவள் எழுந்துபோய்க் கண்டக்டரிடம் கெஞ்சினாள்.

“அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கண்ணே.”

“இம்புட்டு அவசரம்னா முந்துன வண்டிக்கு வந்துருக்கணும்மா.”

இறங்கி ஓடிவிடலாமா என்று கூட நினைத்தாள். இன்னும் எத்தனை மைல் என்று கணக்குப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்ற நினைப்பும் அப்போதுதான் வந்தது. இந்த வாழைத்தாரால் ரயில் போய்விட்டால் தன்மேல் குற்றமில்லை. அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை உணர்ந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனபோது ஐந்து இருபத்தைந்து. சிக்னல் இறங்கியிருந்தது. பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், வேப்பமரத்துக்குக் கீழே சௌந்தரபாண்டியன் உட்கார்ந்திருந்தார். அவள் ஓடிவருவதைப் பார்த்து எழுந்து நின்றார்.

“ஐயா, நான் காலையில பொய் சொல்லிட்டேன்.”

“உக்காருங்கம்மா. முதல்ல மூச்சு வாங்கிக்கோங்க.”

“வண்டி வந்துருமே.”

“வரட்டும்.”

அவள் சொன்னாள். ஓடை, வெடிச் சத்தம், பாறை, கை, பிள்ளையின் உதடு. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்து நின்றது. ஜனம் இறங்கியது, ஏறியது. அவர் பையை எடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிப் போய், பிளாட்பாரம் மறுபடி வெறிச்சோடியபோது அவள் தனுஷ்கோடியின் கம்பு வரை வந்திருந்தாள்.

“எந்தக் கை?”

“வலது கை.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியலய்யா. எனக்கு ஒரு யுகமா இருந்துச்சு.”

“சத்தம் எத்தனை தடவை?”

“ரெண்டு.”

“அவர் என்ன சொல்லிக்கிட்டு இருந்தார்?”

“சத்தம் காட்டாதன்னு.”

சௌந்தரபாண்டியன் கண்ணை மூடித் திறந்தார். பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து, அதில் நடுவிலிருந்த ஒரு தாளைப் பிரித்தார். அதை அவளிடம் கொடுக்கவில்லை. தூரத்திலிருந்து காட்டினார். நீலமையில் எழுதிய தமிழ் எழுத்து. அந்த ‘ழ’வின் வால் அவளுக்குத் தெரியும். ஐயாதுரையின் எழுத்து.

“ஆறு வாரத்துக்கு முந்தி இதை அவரே எழுதிக் கொடுத்திருக்காரும்மா. டாக்டர் பரிசோதனையில நூறு கேள்வி கேப்பாங்க. எல்லாரும் எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டு வந்துருவாங்க. இவர் ஒருத்தர்தான் தனித்தாள் கேட்டு வாங்கி இதை எழுதியிருக்காரு. நீங்க சொன்ன அதே ஓடை. அதே ரெண்டு வெடி.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்போ… உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டிய?”

“எழுதியிருக்கிறது தெரியும். நடந்ததான்னு தெரியாது. ஏற்கெனவே ரெண்டு தடவை ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு மனுப் போட்டவர் அவர். அதனால வடக்க போகப் பிடிக்காம கதை கட்டுறார்னு மேல நினைக்கிறாங்க. வேலையில இருந்து தப்பிக்கச் சீக்கு இருக்கிற மாதிரி நடிச்சா அது ராணுவத்துல பெரிய குத்தம். கோர்ட் மார்ஷல் வரைக்கும் போகும். நடந்ததா, நடிப்பா? இதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பினாங்க.” தாளைக் கவனமாக மடித்து உள்ளே வைத்தார். “ரெண்டு நாளா எல்லாரும் ஒரே பாட்டு. தங்கமான பையன், ஒரு குறையும் இல்ல. கடைசியா நீங்களும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்க.”

காலையில் வெள்ளைத்தாய் போட்ட கையெழுத்து, புருஷனைக் காப்பாற்றுவதாக நினைத்துப் போட்டது, அவனைப் பொய்யன் என்று எழுதிக்கொடுத்த கையெழுத்து.

“காலையிலேயே சொல்லியிருக்கலாமேய்யா!”

“நான் சொல்லிக்கொடுத்து நீங்க சொன்னா அது சாட்சியில்லம்மா.”

பெஞ்சிலேயே புதுத் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். முடித்துவிட்டு வாசித்துக் காட்டினார். காலையில் சொன்னது பொய் என்பதும் அதில் இருந்தது. “இதைச் சேர்க்காம இருக்க முடியாது” என்றார். அவள் அந்த வரிக்கு நேராகவும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

“இப்போ அவியள என்ன செய்வாக?”

“அந்தக் கிடங்குக்கு எடுக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்கன்னு நினைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. காலையில செண்பகத்தோப்புக்குப் போய் அந்தக் காவலரையும் பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்.”

மறுநாள் மில்லில் அவளை ஒரு வாரம் சஸ்பெண்டு செய்தார்கள். குருசாமிக்கு அவளே ஆள் அனுப்பி வரவழைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போனேன் என்றதுமே எழுந்துவிட்டார்.

“எந் தம்பியக் காட்டிக் கொடுத்துட்டு வந்து எங்கிட்டயே சொல்லுதியா?”

“அத்தான், அவியளே எழுதிக் குடுத்ததுதான்…”

“நாளைக்கு அவனைச் சங்கிலியில கட்டி அனுப்புவாங்க. அன்னைக்குத் தெரியும் உனக்கு.”

வாசல்படியைத் தாண்டிப் போனவர் அதன் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டுக்கு வரவில்லை.

ஐயாதுரையிடமிருந்து கடிதம் வரவில்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. தபால்காரர் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். குருசாமி சொன்னது நடந்துவிட்டதோ என்று பயந்தாள். தான் செய்தது சரிதான் என்று பகலில் தோன்றும். சோறு வடிக்கும்போதோ, பிள்ளைக்குத் தலைபின்னும்போதோ திடீரென்று அந்தத் தைரியம் விட்டுப்போகும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கார்டு வந்தது. ராணுவ ஆஸ்பத்திரி முகவரி. ‘நலம். மருந்து சாப்பிடுகிறேன். ஒரு டாக்டர் தினமும் பேசுகிறார். சித்திரையில் லீவு தருவார்கள்.’ நாலு வரி. அவள் அதை நின்ற இடத்திலேயே பத்துத் தடவை வாசித்தாள்.

சித்திரை இரண்டாம் வாரம் அவன் வந்தான். இளைத்திருந்தான். டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு முதலில் மகள் எங்கே என்றுதான் கேட்டான். பரிபூரணம் வீட்டில் விளையாடுகிறாள் என்றாள். அவன் தலையாட்டினான், போய்ப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்து அவன் கை கழுவும்வரை காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்.

“நான் முதல்ல இல்லைன்னுதான் சொன்னேன். எங்கயும் போகல, ஒண்ணும் நடக்கலன்னு கையெழுத்தும் போட்டுட்டேன். பொறவுதான் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.”

ஐயாதுரை துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “எனக்கு அது தெரியாது. சம்சாரம் ஒத்துக்கிட்டான்னு மட்டுந்தான் சொன்னாங்க.” பிறகு கேட்டான், “அண்ணன் சொல்லிக் குடுத்தானா?”

“அத்தான் சொன்னாரு. ஆனா அதுக்காகச் சொல்லல. எனக்கே பயமா இருந்துச்சு. உங்க பேரு கெட்டுருமோன்னு.”

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். அவன் திரும்பி வந்து அடுப்படி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அந்தத் தாளை எழுதி ரெண்டு நாள் பையிலயே வச்சிருந்தேன் வெள்ளை. கிழிச்சுப் போட்டுரலாம்னு எத்தனை தடவை எடுத்தேன் தெரியுமா? கூட இருந்தவன்லாம், இல்லைன்னு போடுறதுக்கு உனக்கு என்னலே கேடுன்னான். குடுத்த பொறவு மூணு மாசம் ஒருத்தனும் எங்கூடப் பேசல. நடிக்கான்னு பேசிக்கிட்டாங்க. பிள்ளையக் கொல்லப் பாத்தேன்னு நானே சொல்லுதேன், நடிப்புங்கான். எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நிசமாவே நடந்துச்சா, கனவான்னு. அப்பதான் ஒரு நாள் ஆபீஸர் கூப்பிட்டு, உன் சம்சாரமும் சொல்லிருக்கு, காவலரும் சொல்லிருக்காருன்னாரு. அங்கயே உக்காந்து அழுதுட்டேன்.”

அவள் அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏன் எழுதினிய?” என்று கேட்டாள்.

“வேற என்ன செய்ய? அங்க போய் எவன் பிள்ளைக்காவது அப்பன் இல்லாமப் பண்ணிட்டா?”

இனி அவன் வெடிமருந்துப் பக்கமே போகவேண்டியதில்லை. உடல்தகுதித் தரத்தைக் குறைத்து ஜபல்பூரில் வண்டி ரிப்பேர் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் போட்டிருந்தார்கள். பிரமோஷன் வராது. அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. மாத்திரையை இன்னும் ஒரு வருஷமாவது நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த லீவின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐயாதுரை சுவரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவன் வந்ததிலிருந்து எட்டி எட்டியே நின்ற ஆவுடை, சிலேட்டோடு வந்து அவன் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து படம் போட்டது. போட்டுக்கொண்டே தூங்கிவிட்டது. அவன் பேப்பரைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

“ஏட்டி” என்று மெதுவாகக் கூப்பிட்டான். “வேலை இருந்தா அப்புறம் பாத்துக்கோ. இங்க வந்து பக்கத்துல இரு.”

அவள் ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தாள். தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அதற்கு அவன் தோள் லேசாகத் துள்ளி அடங்கியது. பிள்ளை புரண்டு அவன் மடியில் தலை வைத்தது. வெகுநேரத்துக்குப் பிறகு அவன் வலது கையை வெளியே எடுத்து, மகளின் தலைமுடியில் ஒட்டியிருந்த சிலேட்டுக்குச்சித் தூளை ஊதாமல், விரலாலேயே ஒவ்வொன்றாக எடுத்தான்.